கரி படாத சட்டை

சிலம்பம் பழக எனக்கு ஒரு மாதம்தான் தவணை தந்தார்கள். கண்டாவளைப் பக்கம் நாங்கள் காணி எடுத்துக் குடியேறி மூன்றாம் வருடம் அது. அறுவடை முடிந்து, நெற்சூடு மிதித்த களம் சும்மா கிடந்தது. பக்கத்துக் காணிக்காரர் அங்கே விடியற்காலையில் ஐந்தாறு ஆண்களுக்குச் சிலம்பம் பழக்கினார். என் கணவரும் அதில் ஒருவர். நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டார்கள். ஆணுக்கு எதற்கு என்று நானும் கேட்டேன். கடைசியில், ஒரு மாதம் பழகலாம், பிறகு ஒருவரோடு மோதவேண்டும், மூன்று அடி வாங்கினால் குசினி அடுப்போடு இருந்துவிடவேண்டும் என்று தீர்த்தார்கள்.

களத்தில் கதையும் சிரிப்பும் கூடாது. கம்பைத் தூக்கினால் எதிரில் நிற்பவரின் கண்ணை மட்டும் பார்க்கவேண்டும். ஆண்கள் அதற்குத் தலையாட்டிவிட்டு வாய்க்கால் தண்ணீரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். நான் வாயே திறக்கவில்லை. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தபோதும் துணியைச் சுற்றிக்கொண்டு வீசினேன்.

மோதும் நாளில் கணவரின் வெள்ளைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டேன். கம்பு நுனியில் துணி சுற்றி ஈரக் கரியில் தோய்ப்பார்கள். பட்ட அடி சட்டையில் தெரியும். ஒரு பெண்ணோடு மோத எவரும் வரவில்லை. என் கணவரே வந்தார்.

முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். என் சட்டையில் ஒரு பொட்டுக் கரி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய கம்பு ஒவ்வொரு முறையும் என் தோளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றதை நான் பார்த்தேன். கண்ணைப் பார் என்று ஒரு மாதம் பழக்கியிருந்தார்களே. அந்தக் கண்ணில் எதிராளி இல்லை, என் புருசன்தான் நின்றார்.

"இஞ்சாருங்கோ, அடிக்கிறதெண்டால் அடியுங்கோ. பாவம் பாக்கிறதெண்டால் கம்பை வைச்சிட்டுப் போங்கோ."

அவர் முகம் கறுத்தது. "தோத்தால் நாளைக்கு வர ஏலாது. தெரியுமோ உமக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

தெரியும் என்று சொல்லிக் கம்பைத் தூக்கினேன்.

இந்த முறை அடித்தார். தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, முழங்கையில் ஒன்று. அவருக்கும் ஒன்று வைத்தேன். வலியில் கண் இருண்டது. ஆனாலும் அந்த மாதத்திலேயே அன்றுதான் எனக்குச் சந்தோசம்.

மறுநாள் விடியக் களத்துக்குப் போனேன். பழக்குபவர் நான் தோற்றதை நினைவூட்டினார்.

"ஓம் அண்ணை, தோத்தனான்தான். வெண்ட ஆக்கள் வீட்டில இருக்கட்டும். தோத்தவள்தான் பழகவேணும்."

சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றேன். என் கணவர் தள்ளி நின்று இடம் விட்டார்.