குறை இருந்தால் மட்டும்

நகரசபைக் கட்டடத்தின் முதல் மாடியில், மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு மேஜை கிடக்கும். மானியப் பிரிவின் வாசல் அதுதான். இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் சீல் அண்ணன் என்பார்கள். வருகிற விண்ணப்பத்தின் தலையில் சீல் குத்துவது அவர் வேலை. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே பாங்குக்குப் போகும்போதுதான் ஞாபகம் வரும் என்று ஆபீசில் ஒரு கேலி உண்டு.

குழந்தைகள் காப்பகம், விளையாட்டுக் கூடம், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று அக்கம்பக்கத்தார் நாலு பேர் சேர்ந்து நடத்துகிறவற்றுக்கு நகரசபை வருஷத்துக்கு ஒரு தடவை மானியம் கொடுக்கும். யாருக்கு, எதற்கு என்று முடிவு செய்ய மேல்மாடியில் ஒரு குழு இருக்கிறது. சீல் அண்ணனுக்கு அதில் ஒரு பேச்சும் கிடையாது. பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா, இணைப்புகள் வந்திருக்கின்றனவா என்று பதினாறு கட்டங்களில் டிக் போடுவார். எல்லாம் சரியென்றால் ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, விண்ணப்பித்தவருக்குத் தபாலில் அனுப்பிவிடுவார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் ஃபோன் செய்து சொல்வார். சரிசெய்ய மூன்று நாள் தவணை. விண்ணப்பத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கும்: ‘குறை இருந்தால் மட்டுமே தொலைபேசியில் அழைப்போம்.’

இந்த வேலையில் ஒரு மனுஷன் ஏங்குவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஊர் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருஷா வருஷம் வரும் ஒரு பழுப்பு உறை இருந்தது.

அதை அனுப்புகிறவள் அவருடைய ஒரே அக்கா. நாற்பது பிள்ளைகளுக்குப் பகல் காப்பகம் நடத்துகிறாள். இருவரும் பேசிப் பத்து வருஷம் ஆகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய அன்று, வராந்தாவில் நாலு பேர் பார்க்க, “ஊரார் பிள்ளைங்களுக்கு மூக்குத் துடைக்க நேரம் இருக்கு, பெத்தவளைப் பார்க்க உனக்கு நேரமில்ல” என்று இவர் வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டார். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று மாதமும் அவளைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டது அக்காதான். இவர் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. தன் குற்றத்தைத் தூக்கி அவள் தலையில் போட்டார், வேறொன்றுமில்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நேரில் போய் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். “கதவைச் சாத்திட்டான்னா?” என்பார். ஐம்பத்தைந்து வயது ஆளுக்கு இப்படி ஒரு பயம். நல்லா இருக்கிறது!

அம்மா போன அடுத்த வருஷம் அக்காவின் முதல் உறை வந்தது. மேல்விலாசத்தின் எழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. விண்ணப்பத்தின் ஏழாம் கேள்வி, ‘உங்கள் சேவையை விவரிக்கவும்’ என்று பத்து வரி இடம் விட்டிருக்கும். மற்றவர்கள் அதையே முக்கி முனகி நிரப்புவார்கள். அக்கா நாலு தாள் கூடுதலாக இணைத்திருந்தாள். அம்மா எந்த நிமிஷமும் வந்துவிடுவாள் என்று நாள் முழுக்கச் செருப்பைக் கழற்றாமல் இருக்கும் ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருந்தாள். பஸ் டிரைவரின் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு அடிபட்டால் மற்றது அழும் என்று எழுதியிருந்தாள். சீல் அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூன்று தடவை படித்தார். வழக்கமாகக் கோழி கிளறியதுபோல் கிறுக்குகிறவர், அன்று ஒப்புகைச் சீட்டில் முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். அவளுக்குத் தெரியட்டும் என்றுதான்.

அப்படியே ஒன்பது உறைகள். ஒன்றிலும் ஒரு டிக் விடுபடவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்பதை அந்தத் தாள்களில்தான் தேடித் தேடிப் படித்தார். நாலாம் வருஷம் ஒரு வரி இருந்தது. ‘பொறுப்பாளருக்கு முழங்கால் மடங்குவதில்லை. பகல் தூக்க நேரத்தில் பிள்ளைகளோடு தரையில் உட்கார ஒரு ஆள் தேவை.’ குழு அந்த வருஷம் பெயின்ட் அடிக்கக் கொடுத்தது. அடுத்த வருஷமும் அதே வரி, குழு ஊஞ்சல் கொடுத்தது. தரையில் உட்காரும் ஆளை மட்டும் கொடுக்கவே இல்லை. சீல் அண்ணன் மருந்துக் கடையில் முழங்காலுக்குப் போடும் உறை ஒன்று வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தார். அது பிரிக்காமல் அங்கேயே கிடந்தது.

இந்த வருஷம் சர்க்குலர் வந்தது. வருகிற ஆண்டு முதல் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாம். விண்ணப்பங்கள் நேரே குழுவுக்குப் போய்விடும். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். சீல் அண்ணன் மட்டும் சர்க்குலரை இன்னொரு தடவை படித்தார். அவர் கைக்கு இன்னும் ஒரே ஒரு உறைதான் வரும்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அது வந்தது. ஏழாம் கேள்வியை ஆசை தீரப் படித்துவிட்டு டிக் போட ஆரம்பித்தார். பதினைந்து கட்டமும் சரி. கடைசிப் பக்கத்தில் தேதி போட்டிருந்தது. அதன் மேலே கையெழுத்து இல்லை.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கமாகூட விடாத அக்கா! அவளுக்கு மறதி வந்துவிட்டதா? உடம்புக்கு ஏதாவதா? கையெழுத்து வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. நாற்பது பிள்ளைகளின் ஒரு வருஷம் போய்விடும்.

“குடுங்கண்ணா, நான் ஃபோன் பண்ணிச் சொல்றேன்” என்று பக்கத்து மேஜைப் பெண் கையை நீட்டினாள். கொடுத்துவிடலாம் என்றுதான் எழுந்தார். பாதி தூரம் நீட்டிய தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

“வேண்டாம்மா. இது என் வேலை.”

நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். மூன்றாம் தடவை மணி அடித்தது.

“ஹலோ?”

“நகரசபை மானியப் பிரிவிலிருந்து பேசறேன். உங்க விண்ணப்பத்துல கடைசிப் பக்கம் கையெழுத்து இல்ல. மூணு நாளைக்குள்ள...”

மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல். பிறகு கதவு சாத்தும் சத்தம். போய்விட்டாள் என்று நினைத்தார். ஆனால் இரைச்சல்தான் நின்றிருந்தது. அவள் ஃபோனில் இருந்தாள்.

“என்னடா, ‘உங்க’?” என்றாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உடம்பு நல்லா இருக்காக்கா? கையெழுத்தை எப்படி விட்டே?”

“ஒன்பது வருஷம் ஒரு புள்ளி விடாம அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் உன் பேர் எழுதின சீட்டு வரும். நீ கூப்பிட மாட்டே.”

“எல்லாம் சரியா இருந்தா கூப்பிட மாட்டோம்க்கா.”

“தெரியும். பின்பக்கம் போட்டிருக்கே. அதான் இந்தத் தடவை சரியா அனுப்பல.”

சீல் அண்ணன் கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். பக்கத்து மேஜைப் பெண் சட்டென்று திரும்பி, ஒன்றுமில்லாத கம்ப்யூட்டர் திரையைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

“அக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னது...”

“அதெல்லாம் ஃபோன்ல வேண்டாம். உனக்குக் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?”

“வேணும்.”

“அப்ப நேர்ல வந்து வாங்கிக்கோ. நாளைக்கு மத்தியானம், பிள்ளைங்க தூங்கற நேரத்துக்கு வா. தரையில உட்கார ஒரு ஆள் வேணும்னு நானும் எத்தனை வருஷமா உனக்கு எழுதறது?”