காமாலை என்று சொன்ன அருக்காணி

மணி குடியை விட்டதே அவன் பெண்சாதி அருக்காணியால்தான். காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளில் இது எல்லாருக்கும் தெரியும். குடித்துவிட்டு வந்த நாளெல்லாம் அவனை வாசலிலேயே உட்காரவைத்துக் கதவைச் சாத்தியவள் அவள். "ஈரல் வெந்துதான் போவீங்க" என்று அவள் போடும் சத்தம் ஒண்டிக்கடை முக்கு வரைக்கும் கேட்கும் என்பார்கள். அடுத்த வீட்டுக் குடிகாரர்கள்கூட அவளைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் மருத்துவ முகாமில் ஸ்கேன் பார்த்துவிட்டு நர்ஸ் மரியபுஷ்பம் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்குது. சர்க்கரையும் எட்டிப் பாக்குது. ஆஸ்பத்திரிக்கு வந்து நெஞ்சையும் ஒருக்கா பாத்துருங்க."

"ஈரல்லயா? எனக்கா?"

நெஞ்சைப் பற்றிச் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாதவளுக்கு ஈரல் கெட்டது என்றால் ஊர் என்ன பேசும்? முழங்கால் போனபின் சரிவில் ஏறிக் காப்பிப்பழம் பறிப்பதை விட்டுவிட்டு, ஷெட்டில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை பொறுக்குகிறவள் அவள். நாளெல்லாம் உட்கார்ந்த இடம், சர்க்கரை தூக்கலாக வரக்காப்பி, தொட்டுக்கொள்ள பன். ஈரல் கெட அது போதும் என்று யார் கண்டது?

வீட்டுக்கு வந்ததும் மணி கேட்டான். "ஏ புள்ள, என்ன சொன்னாங்க?"

"காமாலையாம்." வாயில் வந்தது அதுதான். காமாலை யாருக்கும் வரும், அதில் அவமானம் இல்லை.

லைனே திரண்டு வைத்தியம் பார்த்தது. பக்கத்து வீட்டு ராணி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். மணி பக்கீர் முகமது கடையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலமும், பஜாரிலிருந்து கரும்புச் சாறும் வாங்கி வந்தான். சொன்ன பொய்யைக் காப்பாற்ற அருக்காணி எல்லாவற்றையும் குடித்தாள். இனிப்பாகத்தான் இருந்தது, குடிக்கச் சிரமமில்லை.

முழங்கால் வலியையும் பொறுத்துக்கொண்டு மலை உச்சிச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஏறும்போதுதான் அது வந்தது. நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி ஓர் அழுத்தம். அந்தக் குளிர்காற்றிலும் முதுகெல்லாம் வேர்வை. இடது தோள் கழன்று விழுவதுபோல வலி. மணி அங்கேயே ஒரு ஜீப்பை மறித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மணி முந்திக்கொண்டான்.

"காமாலைக்குக் கரும்புச்சாறு, குளுக்கோஸ் ஒருநாளும் தவறுனதில்லீங்க."

"காமாலையா? யாரு சொன்னது?"

அருக்காணி சுவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் வீட்டுக்குப் போனால் மறுபடி அந்த டம்ளர் வரும். தோளில் வலி இன்னும் விட்டபாடில்லை.

"நாந்தானுங்க சொன்னேன். ஈரல்ல கொழுப்புன்னாங்க. வெக்கமா இருந்துச்சு."

டாக்டரம்மா திட்டவில்லை. "அம்மா, குடிக்காதவங்களுக்கும் இது வருது. ஈரல்ல கொழுப்பு ஏறுச்சுன்னா அங்கயே நிக்காது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ரத்தக்குழாய் அடைப்புன்னு ஒண்ணையொண்ணு இழுத்துட்டு வரும். நெறைய பேருக்கு ஈரலுக்கு முன்னாடி நெஞ்சுதான் தகராறு பண்ணும். நீங்க அதுமேல சர்க்கரையைக் கொட்டியிருக்கீங்க."

மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "குடிச்சது நானு, ஈரல் கெட்டது உனக்கா? இனி கதவைச் சாத்தறது என் மொறை."

"சாத்துங்க. உள்ள சோறாக்க ஆளில்லாம கெடப்பீங்க" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தாள்.

சேலத்தில் மேல்சோதனை முடிந்து மாத்திரைகளோடு வீடு திரும்பிய மறுநாள், குழாயடியில் ராணி கீழாநெல்லிச் சாற்று டம்ளரை நீட்டினாள். அருக்காணி அதை வாங்கவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் காமாலையில்ல. ஈரல்ல கொழுப்பு. நெஞ்சு வரைக்கும் போயிருச்சு. ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. கேக்கறவங்க இப்பவே கேட்டுக்குங்க."

வரிசையில் நின்ற பெண்கள் குடம் நிரம்பியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எல்லாரும் போனபின்னும் ராணி நகரவில்லை.

"எனக்கும் அதான் சொன்னாங்கக்கா, அதே முகாம்ல. ஊட்ல சொல்லல."

அருக்காணி அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி, சாற்றைக் கல்லில் கவிழ்த்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி போற மொத பஸ்ஸுக்கு நில்லு. நானும் வாரேன்."