மைனஸ் முப்பத்தொன்றில் நின்ற என்னை மீட்டவள்

கணக்கில் ரூட் போடத் தெரியாமல் ஒரு குடும்பம் தெருவுக்கு வருமா என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பம் வர இருந்தது. அம்மனைக் கும்பிடும் உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீலசந்திராவில் எங்கள் வீடு. ஆடுகோடியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை செய்கிறேன். போன தீபாவளிக்கு முன்னால் என் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு உடைந்து படுத்துவிட்டார். அடுத்த மாதமே ஆஸ்பத்திரிக்குப் புது நிர்வாகம் வந்தது. பத்தாவது பாஸ் செய்யாதவர்களுக்கு ஜூனுக்குப் பிறகு வேலை இல்லை என்றார்கள். நான் பத்தாவதில் கணக்கில் ஃபெயில். கல்யாணத்துக்கு முன்பு விட்ட பரீட்சையை மார்ச்சில் மறுபடி எழுத வேண்டும்.

இருபடிச் சமன்பாடு என்னை அழவைத்தது. ஃபார்முலாவில் ரூட்டுக்குள் எதைப் போட்டாலும் எனக்கு மைனஸ்தான் வந்தது. மைனஸுக்கு ரூட் எடுக்க முடியாது. அங்கேயே நின்றுவிடுவேன். எங்கே தப்பு என்று தெரியாது.

ஒருநாள் கணவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “நான் போய்ச் சேர்ந்துட்டா உனக்கு ஒரு பாரம் கொறையும்.”

“அப்படிப் பேசாதீங்க. ரூட்டுதானே, வந்துடும்” என்றேன்.

வரவில்லை. வார்டில் தரை துடைக்கும்போதும் அழுதேன். பரீட்சையன்று காலையில் அம்மன் கோயிலில் நின்றேன். “தாயே, எனக்குக் கணக்கு வராது. நின்னு போற எடத்துல கண்ணை மட்டும் தொறந்து விடு” என்றேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

வினாத்தாளில் 2x² − 3x − 5 = 0 என்று வந்தது. போட்டேன். ரூட்டுக்குள் ஒன்பதில் நாற்பது போய் மைனஸ் முப்பத்தொன்று. எழுந்து போய்விடலாம் என்று பேனாவை மூடினேன்.

ஹாலில் மேற்பார்வைக்கு நின்ற மேடம் பக்கத்தில் வந்தார். “ஏனாயித்தம்மா? நீரு குடியிரி” என்று கன்னடத்தில், என்ன ஆச்சு, தண்ணீர் குடிங்க என்று சொல்லித் தன் பாட்டிலை நீட்டினார். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குடித்தேன். “தாயே” என்றேன். குனிந்து பார்த்தபோது ஐந்துக்கு முன்னால் ஒரு மைனஸ் இருந்தது. இத்தனை மாதமாக அதை நான் ரூட்டுக்குள் கொண்டுபோகவே இல்லை. ஃபார்முலாவில் இருக்கும் மைனஸ் நாலோடு அந்த மைனஸைப் பெருக்கினால் பிளஸ். ஒன்பதும் நாற்பதும் நாற்பத்தொன்பது. ரூட் ஏழு.

விடை இரண்டு வந்தது, இரண்டரையும் மைனஸ் ஒன்றும். சமன்பாட்டில் திரும்பப் போட்டேன். இரண்டுக்கும் பூஜ்ஜியம் வந்தது. அழுதுகொண்டே மற்றக் கணக்குகளில் மைனஸைத் தேடித் தேடித் திருத்தினேன்.

பாஸ் மார்க்கை ஒட்டித்தான் வாங்கினேன். வேலை நிலைத்தது. ரிசல்ட்டைச் சொன்னதும் கணவர், “என்னைக் கொஞ்சம் தூக்கி உக்கார வை” என்றார். இப்போது கோல் ஊன்றி வாசல்வரை நடக்கிறார். சாவைப் பற்றி அவர் பேசுவதில்லை.

நீங்கள் எந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறீர்களோ, அந்த இடத்தை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். சின்ன விஷயம் என்று வெட்கப்படாதீர்கள். எனக்குக் கணக்கு வராது என்று நான் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.