செத்தவள் காபி கேட்ட படம்

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண், என் வீட்டில் படம் எடுக்கவேண்டும் என்று வந்து நின்றாள். வீட்டோடு சேர்த்து என்னையும் நடிக்கக் கேட்டாள். கதையைக் கேட்டபோது சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அம்மா செத்துப்போகிறாள். பாடை தயார். அந்த நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறாள். மகனோ, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, படுத்துக்கோ என்கிறான். எத்தனை தரம் எழுந்தாலும் படுக்க வைக்கிறான்.

"இன்னா கண்ணு, பைத்தியக்காரக் கதையா இருக்குது?"

"பைத்தியக்காரத்தனமா எடுத்தாதாம்மா மனுஷங்க உள்ள பூட்டி வச்சிருக்கறது வெளிய வரும்."

படித்த பேச்சு என்று விட்டுவிட்டேன். நான் பார்த்த படங்களில் கெட்டவன் யாரென்று கன்னத்து மருவே சொல்லிவிடும்.

பிணமாகப் படுக்க எனக்குப் பயமில்லை. இந்தத் தெருவில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிக் கிடத்தியவள் நான். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டம் கலைந்த மறுநாள் படக்காரர்கள் வந்தார்கள். மகனாக நடிக்கவேண்டியவன் வரவில்லை. வேங்கிக்காலில் தனியாகக் குடியிருக்கும் என் மகன் வேடிக்கை பார்க்க வந்திருந்தான்; அவனையே நிற்கச் சொன்னாள். அவனுக்கும் ஆசைதான்.

நெற்றியில் காசு ஒட்டினார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். தாடையைச் சுற்றித் துணியால் வாய்க்கட்டும் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி குனிந்து, "அக்கா, இப்பதான் தெரு அமைதியா இருக்குது," என்றாள். கட்டுக்குள்ளேயே சிரித்தேன்.

முதல் தரம் வாய்க்கட்டை இறக்கிக் காபி கேட்டேன். அவனும் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தான். அடுத்த தரம் கட்டை அவிழ்க்காமல் சைகை மட்டும் காட்டச் சொன்னாள் அந்தப் பெண். மகன் வாய்க்கு வந்ததைப் பேசட்டும் என்றாள்.

எழுந்து உட்கார்ந்து, குடிப்பதுபோல் கையைக் காட்டினேன்.

"படும்மா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "எத்தினி வாட்டிம்மா எழுந்துப்ப? ஆஸ்பத்திரின்னு சொல்ற, லீவு போட்டுட்டு ஓடியாறேன். வந்தா சரியாயிடுச்சின்ற. ஒரேயடியா படுத்துட்டீன்னா எனக்கும் ஒரு வழி பொறக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. போன மழைக்காலத்தில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தது தெருவுக்கே தெரியும். யார் பேச்சுக்கும் பதில் சொல்லாமல் விட்டவள் இல்லை நான். அன்றைக்கு வாய் கட்டியிருந்தது. அவிழ்க்கக் கை போகவில்லை. கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'வரேன்' என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். படம் பிடித்து முடிந்ததும் அக்கம்பக்கத்தார் பழக்கத்தில் பேசாமலே எழுந்து போனார்கள். வாசல் தாண்டியதும் நினைவு வந்து, தலையில் அடித்துக்கொண்டு, "வரோங்க்கா, வரோம்," என்று திரும்பிவந்து சொன்னார்கள். என் மகனும் சொல்லாமல்தான் போனான். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் திரும்பவில்லை.

அதற்குப்பிறகு போனில் பேசுவான், வீட்டுக்கு வரமாட்டான். சில மாதம் கழித்து, ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக்கடை மாடியில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். அந்தப் பெண் கூப்பிட்டதால் அவனும் வந்தான். ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று கண்ணை மூடிக்கொண்டதால் நான் பார்க்காததைத் துணியில் பார்த்தேன். நான் படுத்ததும் அவன் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி. கெட்டவன் முகமில்லை அது. களைத்துப்போனவன் முகம். கெட்டவன் முகமாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

படம் முடிந்ததும் அவனே என்னை வண்டியில் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். இறங்கினேன்.

"அது சும்மா படம்மா," என்றான்.

"படம்தான். வரேன்னு சொல்லிட்டுப் போடா."

தலையைக் குனிந்துகொண்டே, "வரேம்மா," என்றான்.

கேட்டு வாங்கிய வார்த்தை. இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். உள்ளே போய் எனக்கு நானே காபி போட்டுக் குடித்தேன்.