தோப்புக்குள் வீடு நுழையுமா?

டிரங்க் கால் வந்தபோது என் கணவர் சரக்கு பேசுவதற்காகத் திருப்பத்தூர் போயிருந்தார். காரைக்குடியில் எங்களுக்கு ஒரு சின்ன லாரி ஆபீஸ் இருந்தது. ஒரு லாரி, ஒரு மேசை, ஒரு கறுப்புத் தொலைபேசி, அவ்வளவுதான் ஆபீஸ். அங்கே உட்காருகிறவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். அதனால் அமராவதிபுதூரிலிருந்து நானே பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை.

"மதுரையிலேருந்து கால். பேசுங்க" என்றது எக்ஸ்சேஞ்ச் குரல். அடுத்து ஒரு பெண் பேசினாள். ஆங்கிலம்!

நான் பி.யு.சி. வரை படித்தவள். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதியிருக்கிறேனே தவிர, அந்த மொழியில் யாரும் என்னிடம் நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்டதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன். நின்றால்தான் பேச வரும் என்று ஏனோ தோன்றியது.

அவள் ஹாலந்து நாட்டுக்காரி. அவளும் கணவனும் ஒரு பஸ்ஸையே வீடாக மாற்றிக்கொண்டு தரை வழியாகவே இந்தியா வரைக்கும் வந்துவிட்டார்கள். சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வேண்டும், அதற்குச் சில நாள் வண்டியை நிறுத்த நிழலும் தண்ணீரும் உள்ள இடம் வேண்டும். மதுரையில் லாட்ஜ் வைத்திருக்கும் என் கணவரின் சிநேகிதர், எங்கள் தென்னந்தோப்பைப் பற்றிச் சொல்லி நம்பரையும் கொடுத்திருக்கிறார்.

"உங்கள் தோப்புக்குள் எங்கள் வண்டி நுழையுமா?" என்று கேட்டாள்.

"நுழையும்" என்றேன் உடனே.

அவள் சிரித்துவிட்டாள். "அவசரப்படாதீர்கள். எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு ஊரில் அதை நம்பி ஒரு சந்துக்குள் போய், வெளியே வருவதற்கு அரை நாள் ஆயிற்று. உங்கள் வாசல் எவ்வளவு அகலம்? சாலையிலிருந்து திரும்ப இடம் இருக்கிறதா? மேலே மின்சாரக் கம்பி போகிறதா? தரை கெட்டியா?"

எத்தனையோ தடவை அந்தத் தோப்புக்குள் போய்த் தேங்காய் பொறுக்கியிருக்கிறேன். வாசல் எவ்வளவு அகலம் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. "நாளைக்கு இதே நேரம் கூப்பிடுங்கள், அளந்து சொல்கிறேன். முதலில் உங்கள் வண்டியின் அளவைச் சொல்லுங்கள்" என்றேன். முப்பத்தாறு அடி நீளம், எட்டே கால் அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம். மேசையில் கிடந்த பழைய காலண்டர் தாளில் எழுதி முடிப்பதற்குள் டிரங்க் காலுக்குரிய மூன்று நிமிடம் முடிந்து லைன் போய்விட்டது.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். ஏதோ பரிசு விழுந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் வந்த என் கணவரிடம் சொன்னதும் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பன்னெண்டடி ஒசரமா? நம்மூரு பஸ்ஸே பத்தடிதானே இருக்கும். சரியாக் கேட்டியா?"

"ரெண்டு தரம் கேட்டுத்தான் எழுதுனேன். எங்கிட்ட ஏன் கேக்குறீக, நாளைக்கு அவுககிட்டயே பேசுங்க."

"எனக்கெங்க இங்கிலீசு வரும்? நீயே பேசு."

உள்ளேயிருந்து என் மாமியார் வந்தார். உயரமான, குரல் பெருத்த மனுஷி. தோப்பும் வயலும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. "வீட்டையே தூக்கிக்கிட்டு வர்றவுகளுக்கு நம்ம எடம் எதுக்காம்?" என்றார்.

"வீட்டை எங்கயாச்சும் எறக்கி வைக்கணும்ல அத்தை" என்றேன்.

"அதுவும் சரிதான். அப்பக் காலையில போயி அளந்துருவோம்" என்றார், நெல் அளக்கப் போகிறவர் மாதிரி.

மறுநாள் விடிந்ததும் மூவரும் தோப்புக்குப் போனோம். தேவகோட்டை சாலையை ஒட்டிய தோப்பு. வாசலில் இரண்டு கல்தூண்கள். கிணற்றுக் கயிற்றில் எட்டே காலடிக்கு ஒரு முடிச்சு, முப்பத்தாறு அடிக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டேன். தூண்களுக்கு நடுவே கயிற்றைப் பிடித்துப் பார்த்தோம். அகலம் போதும், இரண்டு பக்கமும் முழங்கை அளவு மிச்சம். பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பி பின்பக்கக் கிணற்றோடு நின்றுவிட்டது, வாசல் பக்கம் வரவில்லை. நான் கைதட்டாத குறை.

"துள்ளாத" என்றார் என் கணவர். "வண்டி நேரா வானத்துலேருந்து எறங்கப் போறதில்ல. ரோட்டுலேருந்து ஒடிச்சுத் திரும்பணும். வால் எங்க இடிக்கும்னு கயித்துல தெரியாது."

"வேற எப்படித் தெரியும்?"

அவர் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அறுப்பு முடிந்த தை மாதம். எதிரே களத்தில் எங்கள் வைக்கோல் போர் மலை மாதிரி நின்றது. அதைப் பார்த்தவர் திடீரென்று, "நம்ம லாரியில பன்னெண்டடிக்கு வைக்கோல ஏத்துவோம். பின்னால மூங்கிலக் கட்டி முப்பத்தாறடி ஆக்குவோம். உள்ள ஓட்டிப் பாத்துருவோம்" என்றார்.

அப்படி ஒரு யோசனை வந்ததற்காகவே அவரை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

எங்கள் லாரி ஓட்டும் டிரைவர் அண்ணனுக்கு ஆளனுப்பினோம். களத்து ஆட்கள் வைக்கோலை ஏற்றினார்கள். உயரத்தை அளக்க ஒரு கழியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு கட்டு, இன்னும் ஒரு கட்டு" என்று நான் கத்தினேன். பின்னால் இரண்டு மூங்கில்களை நீட்டிக் கட்டி, அகலத்துக்கு ஒரு குறுக்குக் கழியும் கட்டியாயிற்று. விஷயம் தெரிந்து சாலையோரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. சைக்கிளில் போனவர்கள் எல்லாம் இறங்கி நின்றார்கள்.

"என்னக்கா, வைக்கோலு ஏவாரமா?" என்று ஒருவர் என் மாமியாரைக் கேட்டார்.

"இல்லப்பா, வீடு வருது. அதுக்கு ஒத்திகை" என்றார் அவர். கேட்டவர் இன்னும் குழம்பி, முழுசாகப் பார்த்துவிட்டுப் போவது என்று சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டார்.

லாரி காரைக்குடிப் பக்கமிருந்து மெதுவாக வந்தது. வாசலுக்கு மேலே சாலையோரப் புளியமரத்தின் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருக்கும். அது அரசாங்க மரம், கை வைக்க முடியாது. வைக்கோல் அதற்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் தப்பித்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. லாரி திரும்பியது. தலை உள்ளே போயிற்று, உடம்பும் போயிற்று. அடுத்த நிமிடம் 'மடக்' என்று ஒரு சத்தம். மூங்கில் இடது தூணில் மோதி முறிந்து தொங்கியது. அதே வேகத்தில் உள்ளே போன முன்சக்கரம் தென்னம்பாத்தியின் ஈர மண்ணில் பாதி இறங்கிவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. என் கணவரோ சந்தோஷமாகக் கத்தினார். "பாத்தியா? இப்பத்தான் தெரியுது! அவுக வண்டியாயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

பத்துப் பேர் சேர்ந்து தள்ளி லாரியை வெளியே எடுத்தோம். மதியம் ஆபீஸில் நான் தொலைபேசியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் எடுத்து, இரவெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியங்களை எல்லாம் மறந்து, "உங்கள் வண்டி நுழையாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் பாதியில் நிறுத்திவிட்டது எனக்கு உறைத்தது.

"இன்றைக்கு நுழையாது" என்று அவசரமாகச் சொன்னேன். வைக்கோல், மூங்கில், தூண், ஈர மண் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டினேன். "இந்த வாரக் கடைசிக்குள் சரிசெய்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அப்போது நுழையும்."

அவள் அதைத் தன் கணவனுக்கு அவர்கள் மொழியில் சொல்வது கேட்டது. அவன் பெரிதாகச் சிரிப்பதும் கேட்டது. பிறகு அவள், "ஹாலந்திலிருந்து கிளம்பியதிலிருந்து நுழையாது என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறோம்" என்றாள்.

ஆபீஸைப் பூட்டிக்கொண்டு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இடது தூணை எடுக்க வேண்டும். அது என் மாமனார் உயிரோடிருந்தபோது நட்டது. அதை எப்படிச் சொல்வதென்று நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மாமியாரே, "தூணப் புடுங்கி அங்குட்டுப் போடு. கல்லுதானே? வேலியையும் பத்தடிக்குப் பிரிச்சு விடு" என்று முடித்துவிட்டார். ஈர மண்ணுக்குச் செம்பூராங்கல் துண்டுகளைக் கொட்டி இறுக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். தூண் போன இடத்தைத் தூர்த்து, வைக்கோல் லாரியை மறுபடி ஓட்டினோம். சிராய்ப்பில்லாமல் போய் மரங்களுக்கு நடுவே நின்றது. டிரைவர் அண்ணன் இறங்கி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே சாலையில் ஆட்கள். பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளைகள் வேறு. பத்து மணி வாக்கில், "வருது! வருது!" என்று தூரத்தில் ஒரு கூச்சல். நீல நிறத்தில் பெரிய பஸ். ஜன்னல்களில் பூப்போட்ட திரைகள். நான் அதன் நீளத்தையும் அகலத்தையும் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டே மேலே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பஸ்ஸின் உச்சியில் ஒரு படகு கவிழ்த்துக் கட்டியிருந்தது.

"ஏங்க, படகுங்க!" என்று கத்தினேன். என் கணவர் சாலை நடுவே ஓடி இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். பஸ் புளியங்கிளைக்கு ஓரடி முன்னால் நின்றது. கதவைத் திறந்துகொண்டு செம்பட்டை முடியோடு ஒரு நெட்டைப் பெண் இறங்கினாள். நான் ஓடிப்போய், வணக்கம்கூடச் சொல்லாமல், "பன்னிரண்டு அடியில் அந்தப் படகும் சேர்த்தியா?" என்று கேட்டேன்.

அவள் மேலே பார்த்தாள். கிளையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, படகை எப்போதும் மறந்துவிடுகிறோம்!"

அதற்குள் பின்னால் காரைக்குடி பஸ் வந்து நின்றது. முன்னால் தேவகோட்டையிலிருந்து வந்த பஸ். இரண்டும் ஹார்ன் அடித்தன. நடுவில் மாட்டு வண்டிகள், ஒரு மணல் லாரி. தேவகோட்டைக் கண்டக்டர் இறங்கி வந்து, "என்னங்க இது, பொண்ணு பாக்கப் போறவுக எல்லாம் வண்டியில இருக்காக!" என்று சத்தம் போட்டார்.

"பொண்ணு எங்குட்டும் ஓடிராது. நீ வந்து ஒரு கை புடி" என்றார் என் மாமியார்.

அவர் போட்ட அதட்டலில் பெண் பார்க்கப் போன கூட்டமே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. அவளுடைய தாடிக்காரக் கணவன் பஸ்ஸின் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். எங்கள் டிரைவர் அண்ணனும் ஏறினார். இருவருக்கும் பாஷை கிடையாது. "ஐசா" என்று இவர் சொல்ல, "ஐசா" என்று அவன் சொல்ல, படகு சரிந்து கீழே நீட்டிய கைகளுக்கு வந்தது. பார்த்தால் அத்தனை பெரியது, தூக்கினால் லேசு. கைக்குக் கை மாறி அது தோப்புக்குள் போவதைப் பார்த்தபோது எல்லோருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கண்டக்டரும் சிரித்துக்கொண்டு விசில் ஊதினார்.

பிறகு பஸ். நான் வாசலில் நின்று இரண்டு கைகளாலும் சைகை காட்டினேன். இடது, இன்னும் இடது, நேராக. கிளை உரசவில்லை. தூண் இருந்த இடத்தில் பின்பக்கம் நாசூக்காக வளைந்து போயிற்று. செம்பூராங்கல் கொஞ்சம் நறநறத்தது, ஆனால் சக்கரம் இறங்கவில்லை. அவன் எஞ்சினை அணைத்ததும் சாலையிலிருந்து எழுந்த கைதட்டலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த நெட்டைப் பெண் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஊர் பார்க்க அப்படி ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்ததும் அதுதான் முதல் தடவை.

உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் என் மாமியார். காஸ் அடுப்பைத் திருகிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், மெத்தையில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தார். ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டு, "ஏத்தா, இது என்ன?" என்றார். நான் கேட்டுச் சொன்னேன். "கக்கூசு, அத்தை."

"அடுப்படிக்குப் பக்கத்துலயா!" என்று கதவைச் சாத்தினார். பிறகு யோசித்து, "மழை பேஞ்சா வெளிய போக வேண்டியதில்லல்ல" என்றார்.

அவர்கள் இருந்த நாட்களில் நான்தான் வழிகாட்டி. பெரிய வீடுகளுக்குக் கூட்டிப் போனேன், பேசினேன், பேசப் பேச ஆங்கிலம் வந்தது. ஒரு சாயங்காலம் படகைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போனோம். மழை வருஷம், தண்ணீர் தளும்பிக் கிடந்தது. நானும் என் கணவரும் துடுப்புப் போடத் தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தோம். கரையில் இருந்தவர்கள் சொன்ன யோசனைகளைக் கேட்டு இன்னும் சுற்றினோம்.

கிளம்பும் நாளில் அவள், "காரைக்குடி வரை எங்களோடு வாருங்கள்" என்றாள். நான் தயங்குவதற்குள் என் மாமியார் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். டிரைவர் பக்கத்து சீட்டில், கண்ணாடிக்கு நேரே அவர். பின்னால் திரையை ஒதுக்கிவிட்டு நான். கடைத்தெரு வந்ததும் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்த முகங்கள் வாயைப் பிளந்தன. வளையல் கடைக்காரம்மா எழுந்து வெளியே வந்து, "அக்கா! எங்க போறீக?" என்று கூவினார்.

என் மாமியார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்கயும் போகல. வீட்டுலதான் இருக்கேன்" என்றார்.