வரப்பைத் தாண்டிய தாலி

நாற்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம் நடந்தது இது. கரையாம்புத்தூர் மாப்பிள்ளைக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். அது பிரெஞ்சுக்காரன் ஊர். எங்களுடையது இங்கிலீஷ்காரன் ஊர். நடுவில் ஒரு வரப்புதான் எல்லை. மாப்பிள்ளை வீட்டில் காலை முகூர்த்தம் என்று விடியும்போதே கூண்டு வண்டிகளில் கிளம்பிவிட்டோம்.

வரப்பருகே கயிறு கட்டி வழியை மறித்திருந்தார்கள். சுற்று ஊர்களில் வாந்திபேதி பரவுகிறதாம். வெளியூர் ஆட்கள் ஊசி போட்டுக்கொண்டு, சில நாள் எல்லைக்கு வெளியே தங்கிய பிறகுதான் உள்ளே வரலாம் என்று முந்தின மாலை அங்கே தண்டோரா போட்டிருக்கிறார்கள். எங்கள் காதுக்கு அது எட்டவே இல்லை. அப்பாவுக்கு வந்ததே ஒரு கோபம்! எனக்கோ, முகூர்த்தம் தவறினால் கல்யாணமே நின்றுவிடுமோ என்ற பயம்.

உத்தரவு போட்டவர் மேர், அதாவது கொம்யூன் என்கிற பிரெஞ்சு ஊராட்சியின் தலைவர். மாப்பிள்ளைக்குச் சொந்தத் தாய்மாமன். அவர் வந்தால் கயிறு அவிழும் என்று எல்லோரும் நம்பினோம். மாப்பிள்ளை வீட்டாரோடு அவரும் வரப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அவருடைய அக்காவான என் மாமியார் கண்ணைக் கசக்கியும் மனிதர் அசையவில்லை.

"கையெழுத்துப் போட்டதே நான்தானேக்கா. உன் வூட்டுக்குன்னு தனியா சட்டம் போட முடியுமா இன்னா?"

நேரம் போய்க்கொண்டே இருந்தது. தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய நான், பொறுக்கமாட்டாமல் வண்டிக்குள்ளிருந்து கேட்டுவிட்டேன்.

"ஆளுங்கதான தாண்டக் கூடாது? தாலி தாண்டலாமில்ல?"

அப்பா பல்லைக் கடித்தார். மேர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பக்கத்திலிருந்த டாக்டரிடம் யோசனை கேட்டார். தாலி கட்டலாம், ஆனால் கட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சாப்பாடும் தண்ணீரும் மட்டும் எல்லை தாண்டக் கூடாது என்றார் டாக்டர். அப்புறம் என்ன? மாப்பிள்ளை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் வரப்பு. கெட்டிமேளம் இரண்டு சர்க்காருக்கும் கேட்டிருக்கும். தாலி ஏறிய கையோடு எங்கள் கூட்டம் மொத்தத்துக்கும் ஊசி போட்டார்கள்.

எங்கள் பக்கத்துத் தோப்பிலேயே தங்கினோம். தினமும் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வரப்போரம் வந்து நிற்பார். வீங்கிய கையைக் காட்டி நான் சிரிப்பேன். அதற்குள் எங்களோடு வந்த பெரியப்பாவுக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. மேர் உடனே டாக்டரை எங்கள் பக்கம் அனுப்பிவைத்தார். பெரியப்பா பிழைத்துக்கொண்டார். கரையாம்புத்தூரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை.

ஒருவழியாகக் கயிறு அவிழ்ந்து நான் உள்ளே போனபோது, "வாடி வாயாடி" என்று சிரித்துக்கொண்டே ஆரத்தி எடுத்தார் மாமியார்.

இப்போதும் நினைத்துக்கொள்வேன்: சொந்தம் என்று பார்த்து மேர் அன்றே கயிற்றை அவிழ்த்திருந்தால், பெரியப்பாவோடு வந்த நோயை, நான் கால் வைத்த நேரம் என்று சொல்லி ஊர் என் தலையில்தான் கட்டியிருக்கும்.