அந்தச் சாம்பல் நிறக் கட்டம்

போன வாரம் காலையில் மைக்செட் மாரியப்பன் போன் செய்தார். "வே, விஷயம் தெரியுமா? நம்ம கட்டம் அருள்ராஜ் போயிட்டாருவே. நெஞ்சுவலின்னு திருநெல்வேலிக்குக் கொண்டு போயிருக்காவ, வழியிலேயே முடிஞ்சிட்டு." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். செத்த பிறகும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

சங்கரன்கோவிலில் அவரும் நானும் கூட்டாக வீடியோ கடை நடத்தியது நண்பர்களான உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்ப்பதற்காகக் கல்யாணத்தையும், துஷ்டி என்கிற சாவு வீட்டுச் சடங்கையும் இணையத்தில் நேரலையாக அனுப்புவோம். கேமரா அவருடையது, கம்ப்யூட்டர் என்னுடையது. அந்த நாட்களில் இணையத்தில் படம் ஓட பிளகின் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். கம்ப்யூட்டரில் ஜோராக ஓடும். பல போன்களில் அது ஏறவே ஏறாது. படம் வர வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம்தான் நிற்கும். போனுக்கென்று தனியாக வேறு விதத்தில் அனுப்ப வேண்டும்.

இதற்காகவே அருள்ராஜ் ஒரு ரெக்சின் பையில் ஏழு பழைய போன்களை வைத்திருந்தார். ஏழும் ஏழு விதம். ஒவ்வொரு நேரலைக்கு முன்பும் ஏழிலும் பார்த்தாக வேண்டும் என்பார். "போன் ரிப்பேர் கடை போடப் போறீராவே?" என்று கிண்டல் செய்வேன். "நம்ம கம்ப்யூட்டர்ல ஓடுதது நமக்குத்தான்வே. பாக்குதவன் கையில ஓடணும்லா" என்பார்.

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஒரே மகன் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை, கையில் ஒரு போன்தான். கேமராவை ஸ்டாண்டில் பொருத்திக்கொண்டே அருள்ராஜ் கேட்டார்: "போனுக்கும் அனுப்பியாச்சா? பையில எல்லாத்துலயும் பாத்தீராவே?"

"பாத்துட்டேன்வே" என்றேன்.

பார்க்கவில்லை. நல்ல வெயில்; ஏழு போனையும் எடுத்து நோண்டச் சோம்பல். என் கம்ப்யூட்டரில் ஓடியது, அது போதும் என்று இருந்துவிட்டேன். போனுக்கான நேரலையை நான் தொடங்கியிருக்கவே இல்லை.

பாடையைத் தூக்கும்போது மகன் அங்கே நின்ற சித்தப்பாவின் போனுக்குக் கூப்பிட்டான். "சித்தப்பா, ஒரு கட்டம்தான் தெரியுது. அப்பா எங்க?" நான் ஓடிப்போய்ச் சரிசெய்து முடித்தபோது அவனுக்குக் காலிப் பந்தல்தான் தெரிந்தது. "கடைசியா மொகத்தக்கூட பாக்கலியே எம்புள்ள" என்று அவனுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். உறவுக்காரர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் வயரைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அருள்ராஜ் அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றார். "என் தப்புதாம்மா. நாந்தான் சரியாப் பாக்கல."

திரும்பி வரும்போது பைக்கை ஓட்டிக்கொண்டே ஒன்று சொன்னார்: "பை ஜிப்பே தெறக்கலியேவே." அதற்கு மேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, என்றும் பேசவில்லை. ஊர் அவருக்குக் கட்டம் அருள்ராஜ் என்று பெயர் வைத்தது. பஸ் ஸ்டாண்டில் யாராவது அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அதன் பிறகும் ஆறு வருடம் ஒரே கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரு டீ குடிக்கும் நேரம் போதும், சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

இன்று எந்தப் போனிலும் எந்தப் படமும் தானாக ஓடுகிறது. பிளகின் என்றால் என்னவென்று கேட்கிறார்கள்.

அடக்கத்தன்று தெருமுனையில் வைத்திருந்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸிலும் அவர் படத்துக்குக் கீழே "கட்டம்" அருள்ராஜ் என்றே போட்டிருந்தது. ஜெபம் முடிந்ததும் அவர் மனைவி ஸ்டெல்லா அந்த ரெக்சின் பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "எவ்வளவு கவனமான மனுசன். அன்னைக்கு மட்டும் எப்படி விட்டாவன்னு எனக்கு இன்னும் புரியலண்ணே" என்றார். நான் பையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பை இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. ஏழு போனில் ஒன்றில்கூடச் சார்ஜ் ஏறவில்லை. ஸ்டெல்லா, அன்று அவர் எதையும் விடவில்லை. பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னவன் நான். நண்பர்களே, அவர் நினைவாக இந்தப் பையை வைத்துக்கொள்கிறேன். அந்தப் பட்டப்பெயரையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். அது என்னுடையது. இனி பஸ் ஸ்டாண்டில் யாரையாவது அப்படிக் கூப்பிட வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறேன்.